ஏரிக் கால்வாயை மறித்தால் யாரிடம் சொல்வது?

படூர் பக்கம் சென்றிருந்தபோது, எண்பது சென்ட் நஞ்சை வைத்திருக்கும் ஒரு விவசாயி தம் கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு கொடுத்துக் குடித்துப் பார்க்கச் சொன்னார். வாயில் வைத்ததுமே கரித்தது. "இந்தத் தண்ணியிலதான் சார் ஒரு காலத்துல சோறு வடிச்சோம்" என்றார். அவருடைய நிலத்துக்கு மேல்பக்கம் இருந்த வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. ஏரிக்கு மழைத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயில் ஒரு துண்டு யாருடைய மதில் சுவருக்கு உள்ளே போயிற்று என்பதே இப்போது வழக்காக இருக்கிறது. சம்பா நடவு செய்து இரண்டு வருஷம் ஆகிறதாம்.

"கட்டடம் கட்டுவதற்கு முன்னால் ஊராரைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?" என்று விசாரித்தேன்.

"எங்கள யார் சார் கேக்கறது?" என்றார். பக்கத்தில் நின்ற அவருடைய தம்பி மகன், "கேக்கணும்னு சட்டம் இருக்குது பெரியப்பா. நாமதான் போறதில்ல" என்றான். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்லும் காரியங்கள் சில. கேட்க வேண்டியதில்லை என்று அதே சட்டம் விட்டுவிட்ட காரியங்களும் சில. இந்த வித்தியாசம் தெரியாததால்தான் பல ஊர்களில் மனு கொடுத்தும் பலன் கிடைப்பதில்லை.

செங்கற்பட்டு ஏரிகள் நிறைந்த சீமை. ஆறு பாயாத ஊர்களிலும் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் நெல் விளைந்ததற்கு ஏரிதான் காரணம். உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்திலேயே, ஏரியைக் கவனிக்க ஏரி வாரியம் என்று ஒரு குழு இருந்ததைக் காண்கிறோம். ஒரு ஏரியின் கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரி நிரம்பும். கடைசியில் மிச்சத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் போய்க் கடலில் சேரும். படூர், தையூர், கேளம்பாக்கம் ஊர்கள் எல்லாம் இந்தச் சங்கிலியில் உள்ளவை. சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தால் மேலே வெள்ளம், கீழே வறட்சி. பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் மழைக்காலத்தில் வீடுகளில் தண்ணீர் நிற்பதும், வெயில் காலத்தில் லாரித் தண்ணீர் வாங்குவதும் ஒரே நோயின் இரண்டு குணங்கள்.

கிணறு உப்பாவது எப்படி?

மணற்பாங்கான கடலோரத்தில் பூமிக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரம் நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடி ஆழம்வரை உப்புத் தண்ணீரை அது அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. பாறை உள்ள இடங்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் போக்கு இதுதான். ஏரிக்குத் தண்ணீர் வராமல் நின்று, ஊற்றும் இறங்கி, போதாக்குறைக்கு இரவும் பகலும் மோட்டார் வைத்து லாரிகளில் ஏற்றினால், மேலே ஓர் அடி குறைவதற்குக் கீழே பல அடி உப்பு ஏறிவிடும். நம்மில் சிலரே வயலில் பயிர் வைப்பதைவிட லாரிக்குத் தண்ணீர் விற்பது லாபம் என்று இறங்கிவிட்டோம். இதையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

மண்ணின் உப்பு நிலை, அதாவது பரிசோதனைச் சீட்டில் மின் கடத்துதிறன் என்று எழுதித் தரும் அளவு, 3-ஐத் தாண்டினால் நெல்லில் மகசூல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அளவு கூடும்போதும் சுமார் 12 சதவீதம் போய்விடும். ஆகவே "தண்ணி கெட்டுப்போச்சு" என்று வாயால் சொல்வதைவிடச் சீட்டில் உள்ள எண்ணைக் காட்டுவது மேல். இதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

பாலாறும் நொய்யலும்

ஒரு தொழிலின் லாபம் ஒரு பக்கம் போக, அதன் அழுக்கு மட்டும் ஏழை எளியவர் இருக்கும் பக்கம் வந்து சேர்வது அநியாயம் என்பதைத்தான் இப்போது சுற்றுச்சூழல் நீதி என்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் 1982-ல் கறுப்பின ஏழை விவசாயக் குடும்பங்கள் அதிகம் வாழ்ந்த வாரன் கவுண்டியில் விஷ மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஜனங்கள் சாலையில் படுத்து லாரிகளை மறித்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். மண் கொட்டப்பட்டுவிட்டது. ஆனால் அழுக்கு ஏன் எப்போதும் இப்படிப்பட்ட ஊருக்கே வருகிறது என்ற கேள்வி நாடு முழுவதும் பரவிற்று. 1994-ல் ஜனாதிபதி கிளின்டன் இதற்காக ஓர் ஆணை பிறப்பித்தார். 2025 ஜனவரியில் அந்த ஆணை ரத்து செய்யப்பட்டுவிட்டது. நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்கள் தாமே சட்டம் இயற்றி வைத்திருக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வாயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாற்றின் மேல்பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவால் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கெட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வாங்கிற்று. கெடுத்தவனே இழப்பீடும் கொடுத்து, கெட்டதைச் சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. 2001-ல் அது 29 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு கிணற்றைத் தூர்வாரக்கூடக் காணாது. மாசு இன்னும் தீரவில்லை என்று மறுபடியும் வழக்கு நடந்து, 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம், கெடுதல் நீங்கும்வரை இழப்பீடு தொடர வேண்டும் என்று கூறியிருக்கிறது. இடையில் ஒரு தலைமுறை போய்விட்டது.

நொய்யல் ஆற்றில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே வழக்குத் தொடுத்தது ஆயக்கட்டுதாரர்களின் சங்கம். திருப்பூர் சாயப்பட்டறைக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்காகக் கட்டிய அணையைத் திறக்க வேண்டாம் என்று பாசன விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் விவசாயிகள் பக்கம் நின்றது. உத்தரவுகள் நிறைவேறாததால் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. பத்திரம் வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் விடாமல் நடந்த சங்கம் அது.

இரண்டு இடத்திலும் கெட்ட பிறகுதான் நியாயம் கிடைத்தது. கெடுவதற்கு முன் பேச இடமுண்டா என்பதே படூர் விவசாயி கேட்ட கேள்வி.

பொது விசாரணை

மத்திய அரசு 2006 செப்டம்பர் 14-ல் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய தொழிற்சாலை, சுரங்கம், மின் நிலையம் போன்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அனுமதி தரும் முன் பொது மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். திட்டம் வரும் இடத்துக்கு அருகிலேயே கூட்டம் நடக்க வேண்டும். முப்பது நாளுக்குக் குறையாமல் முன்னறிவிப்புச் செய்து, செய்தித்தாள்களில் விளம்பரம் தர வேண்டும். அதில் ஒன்று தமிழ்ப் பத்திரிகையாக இருக்க வேண்டும். திட்ட அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் கலெக்டர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் முதலிய இடங்களில் வைக்கப்பட்டிருக்கும். யாரும் போய்ப் படிக்கலாம். கலெக்டர் அல்லது அவருக்கு அடுத்த நிலை அதிகாரி தலைமை வகிப்பார். நடப்பதை வீடியோ எடுப்பார்கள். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற நிபந்தனை இல்லை. பத்துப் பேர் வந்தாலும் விசாரணை நடந்ததாகவே கணக்கு.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஏமாந்துவிடுகிறோம். "நாங்கள் புறக்கணித்தோம்" என்று வெளியே வந்துவிட்டால், எதிர்ப்பு ஒன்றும் பதிவாகவில்லை என்றுதான் காகிதத்தில் இருக்கும். கோபம் இருந்தாலும் உள்ளே போய்ப் பேசிவிட்டு, எழுத்திலும் கொடுத்துவிட்டு வருவது நல்லது. கூட்டம் முடிந்ததும் அதிகாரிகள் எழுதிய குறிப்பைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும். அதற்குள் எல்லாரும் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஒருவராவது கடைசிவரை உட்கார்ந்து, தாம் சொன்னது ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

விசாரணையில் எதிர்ப்பு எழுந்ததாலேயே திட்டம் நின்றுவிடும் என்று நினைக்க வேண்டாம். அது வாக்கெடுப்பு அல்ல. ஆனால் எழுப்பிய கேள்விக்குத் திட்டக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். நிபுணர் குழு அதைப் பார்த்தாக வேண்டும். சத்தீஸ்கரில் ராய்கர் மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்குத் தந்த அனுமதியை, பொது விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்ற காரணத்துக்காகவே 2012 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ரத்து செய்தது.

அடுக்குமாடிக்கு விசாரணை இல்லை

படூர், நாவலூர் பக்கத்து விவசாயிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இது. 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டு லட்சத்துப் பதினைந்தாயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி பொதுவாகத் தேவை. ஆனால் கட்டடங்களுக்கும் குடியிருப்பு நகரங்களுக்கும் பொது விசாரணையிலிருந்து 2006 அறிவிக்கையே விலக்கு அளித்துவிட்டது. கல் உடைக்கும் குவாரிக்கு நம்மைக் கூப்பிடக்கூடும். ஏரிக்கரையில் ஆயிரம் வீடு வருவதற்குக் கூப்பிட மாட்டார்கள். விவசாயி "எங்கள யார் கேக்கறது" என்றது இங்கே முழுக்கச் சரி. இது சரியான விலக்குத்தானா என்பது என் மனத்தில் உள்ள சந்தேகம். நஞ்சையை அழிப்பதில் இந்தப் பக்கத்தில் எந்தத் தொழிற்சாலையையும்விடக் கட்டடம் முந்திக்கொண்டது.

கூப்பிட மாட்டார்கள் என்பதால் வழியே இல்லை என்று ஆகாது. அனுமதி கிடைத்ததும் கட்டடக்காரர் அதைச் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும். அனுமதியின் நகலை ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ கொடுக்க வேண்டும். அவர்கள் அதை முப்பது நாள் பலகையில் ஒட்டி வைக்க வேண்டும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே விவரங்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்திலும் வரும். வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தால் மாதம் ஒரு தடவை நம் தாலுகா பெயரைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு ஆட்சேபணை எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. வரைபடத்தில் கால்வாயே இல்லை என்று காட்டியிருந்தால், இருக்கிறது என்று சொல்ல உள்ளூர்க்காரரைவிடத் தகுந்த சாட்சி யார்?

அனுமதி தவறு என்று கருதினால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் கெடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் அறுபது நாள் தருவார்கள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தாண்ட முடியாது. முதல் விளம்பரம் வந்த நாளிலிருந்தே கெடுவைக் கணக்கிட்டுக்கொள்வது பத்திரம். மற்றச் சுற்றுச்சூழல் வழக்குக்கு ஆறு மாதம், இழப்பீடு கேட்க ஐந்து வருஷம் என்று தனிக் கெடு உண்டு. தென்னிந்தியாவுக்கான அமர்வு சென்னை சேப்பாக்கம் கலச மகாலில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத வழக்குக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், ஆயிரத்துக்குக் குறையாமல். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் இல்லாமல் தாமே வாதாடலாம் என்றாலும் மனுவை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருப்பதால் துணை தேவைப்படும். பெண்களுக்கும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் ஏற்பாடு செய்யும். நிலம் மனைவி பெயரில் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம்.

கிராமசபையில் என்ன கேட்பது?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட ஊரில் முந்நூறு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஊர் பெரிதாகி, குடிவந்தவர்கள் கூட்டத்துக்கு வராததால் இந்த எண்ணிக்கை சேர்வதே கஷ்டம். மாடிவீட்டுக்காரரும் லாரித் தண்ணீர் வாங்கி அலுத்தவர்தானே, அவரையும் கூப்பிடுங்கள். ஏரி நிறைந்தால் அவருக்கும் லாபம்.

நம் ஊர் எல்லைக்குள் உள்ள ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் அத்தனையையும் சர்வே எண், பரப்பு, அகலத்தோடு பட்டியலிட்டுத் தீர்மானமாகப் பதிவு செய்யக் கேளுங்கள். தீர்மானத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். மேல் அதிகாரிகளை அது கட்டாயப்படுத்தாது. ஆனால் பின்னால் தீர்ப்பாயத்துக்குப் போனால் முதலில் கேட்கும் காகிதம் இது. ஊர் நகராட்சியோடு சேர்ந்துவிட்டால் கிராமசபை போய்விடும். அங்கே வார்டு குழுவும் பகுதி சபையும்தான் இருக்கும் என்பதால் பட்டியலை முன்கூட்டியே பதிவு செய்வது புத்தி.

எந்த ஏரி யார் பொறுப்பு என்பதிலும் குழப்பம் உண்டு. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையைச் சேர்ந்தது. குறைந்தது பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. நீர்வளத் துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கிறது. ஏரியில் கழிவுநீர் விட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளரிடம் புகார் தர வேண்டும். தண்ணீர் எடுத்துச் சோதிக்கும்படி எழுத்தில் கேட்பது அவசியம்.

மனு எழுதும் முறை

"எங்கள் வாழ்வாதாரம் அழிகிறது, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதினால், "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று பதில் வரும். அத்தோடு சரி. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, கால்வாயின் சர்வே எண்ணை எழுதுங்கள். படத்தில் அகலம் எவ்வளவு, தரையில் இப்போது எவ்வளவு, எந்த இடத்தில் அடைபட்டது, அதற்குக் கீழே எத்தனை ஏக்கர் ஆயக்கட்டு என்று எழுதுங்கள். போட்டோ இருந்தால் தேதியோடு இணைக்கவும். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ரசீது வாங்காமல் வரக்கூடாது. பதில் வராவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், இந்த ரசீது எண்ணின்மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

கிணற்றுத் தண்ணீரை வருஷத்தில் இரண்டு தடவை, மே கடைசியிலும் ஜனவரியிலும் சோதித்து வையுங்கள். மோட்டாரை அரைமணி ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே தண்ணீரில் மூன்று முறை அலம்பி, ஒரு லிட்டர் பிடித்து, சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி எழுதி ஒட்டி, அன்றே மண் பரிசோதனை நிலையத்தில் சேர்க்கவும். கெட்ட பிறகு எடுக்கும் சீட்டைவிட, கெடுவதற்கு முன் எடுத்த சீட்டுதான் விலை மதிப்புள்ளது. "முன்பு நன்றாக இருந்தது" என்பதற்கு வேறு ருசு கிடையாது.

இப்போதைக்கு இந்தப் பக்கத்தில் எல்லாரும் பேசுவது கோவளம், திருப்போரூர் இடையே உப்பங்கழியை ஒட்டிய புதிய நீர்த்தேக்கத்தைப் பற்றி. 1.6 டி.எம்.சி. கொள்ளளவில் சுமார் 350 கோடி ரூபாயில் அமைக்கப்படும் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. சென்னைக்குக் குடிநீர் வரும். நல்ல தண்ணீர் தேங்கினால் பக்கத்துக் கிணறுகளில் உப்பு குறையலாம் என்ற நம்பிக்கையும் உண்டு. உப்பங்கழியில் மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கும் கிராமங்கள் எதிர்க்கின்றன. அவர்களுடைய பயம் பொய்யானதல்ல. மேல்பக்க விவசாயிக்கும் கேள்வி இருக்கிறது: கரை எழுந்தால் மழை வெள்ளம் வடிய வழி எங்கே? மேலே உள்ள ஏரிகள் நிரம்பிய பிறகுதான் தண்ணீர் கீழே போகுமா, அல்லது அவற்றைத் தாண்டி நேரே கொண்டுபோய்விடுவார்களா? இதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

நான் திரும்பிய அன்று மாலை, அந்தத் தம்பி மகன் புலப்படத்தின் நகலோடு நாடா பிடித்துக் கால்வாயை அளந்துகொண்டிருந்தான். படத்தில் உள்ள அகலத்தில் பாதிகூடத் தரையில் இல்லை. பெரியப்பா கரையில் நின்று, எந்த வேலிக்கல் எந்த வருஷம் நகர்ந்தது என்று சொல்லச் சொல்ல, பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். மனு இன்னும் கொடுக்கவில்லை. அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்தன்று ஐந்து பேர் செங்கற்பட்டுக்குச் சேர்ந்து போவதாக இருக்கிறார்கள்.